இரண்டாம் மாதத்துத் தடுப்பூசி

ஆஸ்திரேலியாவில் குழந்தை பிறந்ததும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடப்படுகிறது. அடுத்து இரண்டாம், நான்காம், ஆறாம் மாதங்களில், ஆறு நோய்களைத் தடுக்கும் கூட்டுத் தடுப்பூசி மூன்று தவணைகளாகப் போடப்படுகிறது. நிமோகாக்கஸ் தடுப்பூசியும் ரோட்டா வைரஸுக்கான சொட்டு மருந்தும் அந்த வருகைகளிலேயே தொடங்கிவிடும். ஒரு வயதில் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகியவற்றுக்கான தடுப்பூசி. ஒன்றரை வயதிலும் நான்கு வயதிலும் ஊக்கத் தவணைகள். பூர்வகுடியினரான அபோரிஜினல் மக்களின் குழந்தைகளுக்கும் டோரஸ் நீரிணைத் தீவினரின் குழந்தைகளுக்கும் இதற்கு மேல் சில தடுப்பூசிகள் உண்டு. மெனிங்கோகாக்கஸ் பி தடுப்பூசி 2020 முதல் அவர்களுக்கு அரசுச் செலவில் கிடைக்கிறது. குவீன்ஸ்லாந்து, வட ஆட்சிப்பகுதி, மேற்கு ஆஸ்திரேலியா, தெற்கு ஆஸ்திரேலியா ஆகிய நான்கு இடங்களில் ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசியும் போடுகிறார்கள். எதற்கும் கட்டணம் கிடையாது.

இந்த அட்டவணை எந்த அளவுக்கு நிறைவேறுகிறது என்பதற்குத் தேசியப் பதிவேடு உண்டு. 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி, ஐந்து வயதை எட்டிய பூர்வகுடிக் குழந்தைகளில் ஏறத்தாழ 97 விழுக்காட்டினர் எல்லாத் தவணைகளையும் முடித்திருந்தனர். மற்ற குழந்தைகளிடையே அந்த அளவு சுமார் 95 விழுக்காடு. பூர்வகுடியினர் பின்தங்கியவர்கள், தடுப்பூசிக்கு அஞ்சுபவர்கள் என்ற எண்ணத்தோடு இந்தப் பதிவேட்டைத் திறப்பவருக்கு இது எதிர்பாராத எண். ஆனால் அதே ஆண்டில் ஒரு வயதுக் குழந்தைகளின் கணக்கைப் பார்த்தால் நிலைமை தலைகீழ்: பூர்வகுடிக் குழந்தைகள் சுமார் 93 விழுக்காடு, மற்றவர்கள் சுமார் 95.

இரண்டு எண்களையும் சேர்த்துப் படித்தால்தான் பொருள் விளங்கும். தடுப்பூசியே வேண்டாம் என்று மறுக்கும் சமூகத்தில் ஐந்து வயதில் 97 விழுக்காடு வர வழியில்லை. இந்தப் பெற்றோர் மறுக்கவில்லை. அவர்களுடைய குழந்தைகளுக்குத் தடுப்பூசி தாமதமாகப் போய்ச் சேருகிறது. உரிய நாள் கடந்து ஒரு மாதத்துக்குள் ஊசி போடப்பட்டதா என்று கணக்கிட்டால், இரு பிரிவினருக்கும் இடையே உள்ள வேறுபாடு முழுமைக் கணக்கில் தெரிவதைவிடப் பெரிது. எனவே தடுப்பூசி வீதத்தை உயர்த்துவது என்பது இங்கே மனத்தை மாற்றும் வேலையாக இல்லை, நாளைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலையாக இருக்கிறது. 

சில வாரத் தாமதத்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். நோய்க்கிருமி எப்போது வருகிறது என்பதைப் பொறுத்தது அது. ஹிப் எனப்படும் ஹீமோபிலஸ் இன்ஃபுளுயன்சா பி பாக்டீரியா கைக்குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலை உண்டாக்கும். பிழைத்தவர்கள் சிலருக்குச் செவித்திறன் போய்விடும். தடுப்பூசி வருவதற்கு முன், மத்திய ஆஸ்திரேலியாவின் பூர்வகுடிக் குழந்தைகளிடையே பதிவான ஹிப் நோய் வீதம் உலகில் எங்கும் பதிவானவற்றுள் மிக உயர்ந்தவற்றில் ஒன்று. அதிலும் கவனிக்க வேண்டியது வயது. நகரத்து வெள்ளையர் குழந்தைகளை அந்த நோய் பெரும்பாலும் ஒரு வயதுக்குப் பிறகே தாக்கியது. பூர்வகுடிக் குழந்தைகளில் பெரும்பாலோரை முதல் ஆண்டிலேயே பிடித்தது. ஆறாம் மாதத்தில் மூன்றாவது தவணை முடிந்த பிறகுதான் பாதுகாப்பு முழுமையாகும் என்றால், அதற்குள் பல குழந்தைகளைக் கிருமி முந்திவிடும்.

1993இல் ஹிப் தடுப்பூசி தேசிய அட்டவணையில் சேர்ந்தபோது, இந்தக் குழந்தைகளுக்கென்று ஒரு தனி வகை தேர்ந்தெடுக்கப்பட்டது. ஹிப் கிருமியைச் சுற்றி சர்க்கரையாலான உறை ஒன்று உண்டு. கைக்குழந்தையின் எதிர்ப்பாற்றலுக்கு அந்த உறையை அந்நியப் பொருளாக அடையாளம் காணத் தெரியாது. அந்தச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு பிணைத்துக் கொடுத்தால் அடையாளம் கண்டுகொள்ளும். எந்தப் புரதத்தோடு பிணைக்கிறோம் என்பதைப் பொறுத்துத் தடுப்பூசியின் வேகம் மாறும். மற்ற வகைகளில் போதிய எதிர்ப்பாற்றல் உருவாக இரண்டு மூன்று தவணைகள் ஆகும். மெனிங்கோகாக்கஸ் பாக்டீரியாவின் வெளிச்சவ்வுப் புரதத்தோடு பிணைத்த பி.ஆர்.பி.-ஓ.எம்.பி. என்ற வகையோ இரண்டாம் மாதத்தில் போடும் முதல் தவணையிலேயே பாதுகாப்புத் தரும். பூர்வகுடிக் குழந்தைகளுக்கு அதுவே கொடுக்கப்பட்டது. நோய் வெகுவாக வீழ்ந்தது. முதல் தவணையே காக்கும் என்றால், அந்த முதல் தவணை தள்ளிப்போகும் ஒவ்வொரு வாரமும் காப்பில்லாத வாரம்தான்.

நிமோகாக்கஸின் கதையும் இதை ஒட்டியதே. பலர் நெருங்கி வாழும் வீடுகளில் பிறந்த சில வாரங்களுக்குள்ளேயே அந்தக் கிருமி குழந்தையின் மூக்கிலும் தொண்டையிலும் குடியேறிவிடுகிறது. அங்கிருந்து நடுக்காதுக்குப் போனால் காதில் சீழ். நுரையீரலுக்குப் போனால் நிமோனியா. இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. காதில் சீழ் வைத்துக் கேட்கும் திறன் குறைந்த குழந்தை பள்ளியில் பாடத்தைப் பின்தொடர முடியாமல் திணறுகிறது. வட ஆட்சிப்பகுதியில் இது ஒரு தலைமுறையின் கல்வியையே பாதித்த பிரச்சினை. நிமோகாக்கஸ் தடுப்பூசி 2001இல் முதலில் பூர்வகுடிக் குழந்தைகளுக்குத்தான் கிடைத்தது. மற்ற எல்லாக் குழந்தைகளுக்கும் 2005இல்தான் வந்தது. தேவை மிகுந்தவர்களுக்கு முதலில் என்ற இந்த வரிசை சரியானது. பொது சுகாதாரத்தில் இப்படி நடப்பது அபூர்வம்.

ரோட்டா வைரஸ் மருந்தில் தாமதம் இன்னும் கடுமையாகத் தண்டிக்கிறது. கைக்குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் வைரஸ் அது. சொட்டு மருந்தின் முதல் தவணையைப் பதினைந்து வாரம் நிறைவதற்குள் கொடுத்தாக வேண்டும். குழந்தை வளர்ந்த பிறகு கொடுத்தால் குடல் செருகிக்கொள்ளும் அபாயம் சிறிதளவு கூடலாம் என்பதால் இந்த வரம்பு. மற்ற தடுப்பூசிகளைப் பின்னால் போட்டு ஈடுகட்டலாம். இதில் நாள் கடந்தால் கடந்ததுதான். நான்காம் மாதத்தில் முதன்முறையாக மருத்துவ நிலையத்துக்கு வரும் குழந்தை, மற்ற ஊசிகளையெல்லாம் போட்டுக்கொண்டு, இந்த ஒன்றை மட்டும் நிரந்தரமாக இழந்து திரும்பும்.

தாமதத்துக்குக் காரணங்கள் பல; பெரும்பாலானவை மிகச் சாதாரணமானவை. வாகனம் இல்லை. வாடகை வீடு மாறியதால் நினைவூட்டல் கடிதம் பழைய முகவரிக்குப் போகிறது. தொலைபேசி எண் மாறிவிட்டது. மருத்துவ நிலையத்தில் முன்பதிவு இரண்டு வாரம் கழித்துத்தான் கிடைக்கிறது. உறவில் ஒரு சாவு என்றால் குடும்பமே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணப்பட்டு, துக்கச் சடங்குகள் முடியும்வரை அங்கேயே தங்கும். அந்த வாரங்களில் வரும் தவணை நாளை யாரும் பொருட்படுத்த முடியாது, பொருட்படுத்த வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் முறையாகாது. குழந்தைக்குச் சளி பிடித்திருந்தால் ஊசியைத் தள்ளிப்போடும் வழக்கமும் உண்டு. இலேசான சளி தடுப்பூசிக்குத் தடையே அல்ல. தாய் அஞ்சித் தள்ளிப்போடுவது ஒருபுறம் என்றால், மருத்துவப் பணியாளர்களே அப்படித் திருப்பி அனுப்புவதும் நடக்கிறது.

இவையெல்லாம் பாலைவனத்துக் குக்கிராமங்களின் துன்பங்கள் என்று எண்ணினால் பாதிதான் சரி. 2021 கணக்கின்படி ஆஸ்திரேலியாவின் பூர்வகுடி மக்கள்தொகை ஏறத்தாழ 9,84,000. நாட்டு மக்களில் 3.8 விழுக்காடு. இவர்களில் தொலைதூரப் பகுதிகளில் வசிப்போர் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. சிட்னி, பிரிஸ்பேன், பெர்த் போன்ற நகரங்களிலும் தொலைதூரமல்லாத சிற்றூர்களிலும் வாழ்வோரே மிகுதி. தொலைதூரக் குடியிருப்பில் ஒரே ஒரு மருத்துவ நிலையம்தான் இருக்கும். அங்குள்ள செவிலியருக்கு எந்த வீட்டில் எத்தனை குழந்தை என்று தெரியும். நகரத்தில் பத்து மருத்துவர்கள் இருக்கலாம். குழந்தை யாருடைய பொறுப்பு என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

இவற்றுக்கெல்லாம் அடியில் கிடப்பது வரலாறு. 1788 ஜனவரியில் பிரிட்டிஷ் கப்பல்கள் வந்து இறங்கின. 1789 ஏப்ரலில் சிட்னி துறைமுகத்தைச் சுற்றிலும் பெரியம்மை பரவி, அங்கு வாழ்ந்த பூர்வகுடியினரில் ஏறத்தாழ பாதிப்பேரைக் கொன்றது என்பது அன்றைய ஆளுநர் ஃபிலிப் தந்த மதிப்பீடு. அம்மை எவ்வழியாக வந்தது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. 20ஆம் நூற்றாண்டில், 1970 வரையிலும்கூட, அரசு அதிகாரிகளும் திருச்சபை அமைப்புகளும் பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோய் விடுதிகளிலும் வெள்ளையர் வீடுகளிலும் வளர்த்தனர். ‘திருடப்பட்ட தலைமுறைகள்’ என்று அந்தக் குழந்தைகளைக் குறிப்பிடுகிறார்கள். 1997இல் வெளியான விசாரணை அறிக்கை அந்தக் கொடுமையைப் பதிவு செய்தது. 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். குழந்தைகளை எடுத்துச் செல்வதில் மருத்துவமனைகளும் பங்கேற்றிருந்தன. பாட்டியின் நினைவில் இது ஆறாத காயமாக இருக்கும் குடும்பத்தில், குழந்தையைத் தூக்கிக்கொண்டு அரசு மருத்துவ நிலையத்தின் படி ஏறுவது ஒரு சாதாரணக் காரியம் அல்ல. உடல் எடை குறைந்திருக்கிறதே, வீட்டில் எத்தனை பேர் என்ற வழக்கமான கேள்விகூட வேறு விதமாகக் காதில் விழும். ஊசியின் மீது அவநம்பிக்கை இல்லாதவரும் அந்தக் கட்டடத்தின் மீது அவநம்பிக்கை கொள்ளலாம்.

தடுப்பூசி வரலாற்றிலேயே இந்த மக்களுக்கு ஓர் இடம் உண்டு என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1960களில் அமெரிக்க ஆய்வாளர் பாரூக் புளும்பெர்க், பலமுறை இரத்தம் ஏற்றிக்கொண்ட ஹீமோஃபிலியா நோயாளி ஒருவரின் இரத்தத்தை உலகின் பல பகுதி மக்களுடைய இரத்த மாதிரிகளோடு சேர்த்துச் சோதித்துவந்தார். ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஒருவரின் மாதிரியில் எதிர்பாராத புரதம் ஒன்று வினைபுரிந்தது. ‘ஆஸ்திரேலிய ஆன்டிஜென்’ என்று அவர் பெயரிட்ட அந்தப் புரதம் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறை என்பது பின்னர் தெரியவந்தது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி அதிலிருந்தே உருவானது. 1976இல் புளும்பெர்க்குக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று உலகெங்கும் பிறந்த குழந்தைக்கு முதலில் போடும் ஊசிகளில் ஒன்றின் தொடக்கம் ஒரு பூர்வகுடி மனிதரின் இரத்தத் துளியில் இருக்கிறது. வட ஆட்சிப்பகுதியின் பூர்வகுடிப் பச்சிளங்குழந்தைகளுக்கு அந்தத் தடுப்பூசி 1988இல் வந்தது. அதற்கு முன் பிறந்த தலைமுறையில் ஈரல் நோயும் ஈரல் புற்றுநோயும் இன்றளவும் உயிர்களைக் கொண்டுபோகின்றன.

அரசு மருத்துவ நிலையங்களின் மீதான அவநம்பிக்கையைத் தாண்டும் வழியைக் கண்டவர்கள் பூர்வகுடி மக்களே. 1971இல் சிட்னியின் ரெட்ஃபெர்ன் பகுதியில், ஒரு கடை அறையில், தன்னார்வ மருத்துவர்களைக் கொண்டு அவர்கள் ஒரு மருத்துவ நிலையத்தைத் தொடங்கினார்கள். ‘மம் ஷெர்ல்’ என்று அன்போடு அழைக்கப்பட்ட ஷெர்லி ஸ்மித், கேரி ஃபோலி, கார்டன் பிரிஸ்கோ முதலானோர் முன்னின்றனர். கண் மருத்துவர் ஃபிரெட் ஹாலோஸ் துணைநின்றார். நிர்வாகக் குழுவைச் சமூகமே தேர்ந்தெடுக்கும், மருத்துவர் அந்தக் குழுவுக்குப் பதில் சொல்வார் என்பது அதன் அடிப்படை. இன்று இப்படிச் சமூகத்தின் கட்டுப்பாட்டில் இயங்கும் சுகாதார அமைப்புகள் நாடெங்கும் 140க்கும் மேல். வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பவர் சொந்தக்காரராக இருப்பார். வர முடியாதவரை அழைத்துவர வண்டி போகும். காது வலிக்காக வந்த அண்ணனோடு தங்கையும் வந்திருந்தால், அவளுடைய பதிவைத் திறந்து பார்த்து, விடுபட்ட ஊசியை அப்போதே போட்டு அனுப்புவார்கள். தடுப்பூசிக்கென்று தனி நாள் வைத்துக் காத்திருப்பதைவிட இந்த வழக்கம் அதிகக் குழந்தைகளுக்குக் காப்பளித்திருக்கும்.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2012இல் இந்த அணுகுமுறையை அரசு அமைப்புக்குள்ளும் கொண்டுவந்தது. ஒவ்வொரு சுகாதார வட்டாரத்திலும் தடுப்பூசிக்கென்றே பூர்வகுடிப் பணியாளர்கள் நியமிக்கப்பட்டனர். பதிவேட்டிலிருந்து குழந்தைகளின் பட்டியலை எடுத்து, பெற்றோரைத் தொலைபேசியில் அழைப்பது அவர்களின் முதன்மையான வேலை. நாள் தவறிய பிறகு அழைப்பதோடு நிற்காமல் நாள் வருவதற்கு முன்பே அழைப்பதுதான் இதில் சிறப்பு. எண் மாறியிருந்தால் உறவினர் வழியாகத் தேடிப்பிடிப்பார்கள். அடுத்த ஆண்டுகளில் அம்மாநிலத்தில் ஒரு வயதுக் குழந்தைகளிடையே இருந்த இடைவெளி ஏறக்குறைய மூடியது. மேற்கு சிட்னியில் இன்னும் எளிய முறை ஒன்று பயன்பட்டது: குழந்தையின் படத்தோடு, அடுத்த தவணை நாளைக் குறித்துத் தரும் நாட்காட்டி. பேரனின் முகம் இருக்கும் தாளை வீட்டில் யாரும் தூக்கி எறிவதில்லை. குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைக்கிறார்கள். நாட்காட்டி தரப்பட்டபோது உரிய காலத்தில் போடப்பட்ட ஊசிகளின் விகிதம் உயர்ந்தது.

மொழியும் இதில் ஒரு பகுதி. வட ஆட்சிப்பகுதியின் ஆர்னம் லாந்தில் யோல்ங்கு மக்கள் பலருக்கு ஆங்கிலம் மூன்றாவது, நான்காவது மொழி. கண்ணுக்குத் தெரியாத வைரஸ் ஈரலில் பல ஆண்டுகள் அமைதியாக இருக்கும் என்பதை மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட முடியாது. டார்வினில் உள்ள மென்சீஸ் சுகாதார ஆய்வு நிறுவனம் 2014இல் ‘ஹெப் பி ஸ்டோரி’ என்ற செயலியை யோல்ங்கு மொழியில் வெளியிட்டது. பின்னர் அது வேறு பூர்வகுடி மொழிகளிலும் வந்தது. படங்களும் குரலும் கொண்ட அதை நோயாளியும் குடும்பத்தாரும் தங்களுக்கு வேண்டிய வேகத்தில் கேட்டுப் புரிந்துகொள்ளலாம்.

ஒரு தடுப்பூசித் திட்டம் நன்றாக நடந்தால் அதன் பலன் எவ்வளவு தூரம் பரவும் என்பதற்கு வட குவீன்ஸ்லாந்து சான்று. 1990களில் அங்கே ஹெபடைடிஸ் ஏ அலையலையாகப் பரவி, பூர்வகுடிச் சிறுகுழந்தைகள் சிலர் இறந்தனர். 1999இல் அப்பகுதியின் பூர்வகுடிக் குழந்தைகளுக்கு மட்டும் தடுப்பூசி தொடங்கியது. நான்கைந்து ஆண்டுகளுக்குள் நோய் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. ஊசி போடாத மற்ற மக்களிடையிலும் சுருங்கியது. கிருமியைச் சுற்றுக்கு விட்டுக்கொண்டிருந்த இடம் சிறுகுழந்தைகளின் கூட்டம்தான் என்பது அதனால் தெளிவாயிற்று. 2005இல் திட்டம் வட ஆட்சிப்பகுதி, மேற்கு ஆஸ்திரேலியா, தெற்கு ஆஸ்திரேலியா ஆகியவற்றுக்கும் விரிந்தது.

தண்டனை வழியும் முயன்று பார்க்கப்பட்டது. 2016 ஜனவரியில் நடப்புக்கு வந்த ‘நோ ஜாப், நோ பே’ (ஊசி இல்லையேல் உதவித்தொகை இல்லை) கொள்கைப்படி, தவணைகளை முடிக்காத குழந்தையின் குடும்பத்துக்குச் சில அரசு உதவித்தொகைகள் நிறுத்தப்படும். விடுபட்ட தவணைகளைப் பெரிய குழந்தைகள் பலர் இதனால் போட்டுக்கொண்டனர் என்பது உண்மை; ஐந்து வயதுக் கணக்கு உயர்ந்ததில் இதற்கும் பள்ளிச் சேர்க்கைக்கும் பங்கு உண்டு. ஆனால் வண்டி இல்லாததால் தவணையைத் தவறவிட்ட தாயிடமிருந்து பணத்தையும் பிடித்துக்கொள்வது வண்டியைக் கொண்டுவராது. இரண்டாம் மாத ஊசி நான்காம் மாதத்துக்குத் தள்ளிப்போவதை இந்தக் கொள்கையால் தடுக்கவும் முடியவில்லை.

இந்தக் கணக்குகளெல்லாம் பதிவேட்டின் தரத்தைப் பொறுத்தவை. 1967 பொது வாக்கெடுப்புக்கு முன் பூர்வகுடி மக்களை நாட்டின் மக்கள்தொகையில் சேர்த்து எண்ணுவதையே அரசியல் சாசனம் தடுத்திருந்தது. குழந்தைகளின் தடுப்பூசிப் பதிவேடு 1996இல் தொடங்கியபோதும் பூர்வகுடியா என்ற விவரம் நம்பகமாக இல்லை. மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டில் பதியும்போது பெற்றோர் விரும்பிக் குறிப்பிட்டால்தான் பெரும்பாலும் அது பதிவாகும். கேட்பவரை நம்பினால்தான் குறிப்பிடுவார்கள். ஆகவே பூர்வகுடி என்று பதிவாகாத குழந்தைக்குக் கூடுதல் தடுப்பூசி தேவை என்பது மருத்துவரின் கணினித் திரையில் தெரியாமலே போய்விடுகிறது.

2020க்குப் பிறகு ஆஸ்திரேலியாவில் குழந்தைகளின் தடுப்பூசி வீதம் எல்லாப் பிரிவினரிடையேயும் சரிந்துவருகிறது; பூர்வகுடிக் குழந்தைகளிடையேயும் சரிந்திருக்கிறது. கோவிட் காலத்தில் சுகாதாரப் பணியாளர்கள் வேறு வேலைக்குத் திருப்பிவிடப்பட்டதும், மருத்துவரைச் சந்திக்கக் காத்திருக்கும் நாள் நீண்டதும், தடுப்பூசி பற்றிய வதந்திகளும் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன.

இப்போது கவனம் பிறப்புக்கு முன்னால் நகர்ந்திருக்கிறது. கக்குவான் இருமல் முதல் தவணைக்கு முந்தைய வாரங்களிலேயே குழந்தையைக் கொல்லக்கூடியது. அதற்குத் தாய்க்குக் கர்ப்பத்தில் போடும் ஊசியே காப்பு. தாயின் உடலில் உருவாகும் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது. 2018 முதல் தேசியத் திட்டத்திலேயே இது இலவசம். ஆனால் பூர்வகுடித் தாய்மாரில் இதைப் போட்டுக்கொள்வோர் மற்றவர்களைவிடக் குறைவு. பிரிஸ்பேனில் 2013 முதல் பூர்வகுடி அமைப்புகளும் ஒரு பெரிய மகப்பேறு மருத்துவமனையும் சேர்ந்து நடத்தும் திட்டத்தில், கர்ப்பிணி ஒவ்வொருவருக்கும் தெரிந்த முகமாக ஒரு மருத்துவச்சி இருக்கிறார். குறைமாதப் பிறப்புகள் அங்கே கணிசமாகக் குறைந்திருக்கின்றன. அந்த மருத்துவச்சி கர்ப்ப காலம் முழுக்கக் கூடவே இருந்து, குழந்தை பிறந்த ஆறு வாரம் வரை வீட்டுக்கு வந்து பார்க்கிறார். இரண்டாம் மாத ஊசியை அட்டவணைப்படி ஆறாவது வாரத்திலேயே, அதாவது அந்த வருகைகள் முடியும் வேளையிலேயே, போடலாம்.